கேட்டுப் பார்ப்போம், காத்திருக்க நேரமில்லை



1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் சாம்பலாகின. மிஞ்சிய நம் நாட்டுத் தமிழ்ப் படங்களைப் புதுப்பித்து வெளியிட இளம் ரசிகர்கள் ஆசைப்படுவது நல்ல விசயம்தான். ஆனால் 'அனுமதி எதுக்கு சேர், சும்மா ஏத்திவிடுவோம்' என்கிறார்களே, அது சரியில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி படம் வெளியாகி 70 வருடங்களுக்கு உரிமை உண்டு. தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' வந்தது 1977இல். கணக்குப் போட்டால் 2047! அதுவரை பிலிம் தாங்குமா? வினாகிரி வாடை அடிக்கத் தொடங்கினால் முடிந்தது கதை.

ஆகவே உரிமைக்காரர்களே, கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ பதிலாவது சொல்லுங்கள். 'கெஹெனு லமாய்' புதுப்பிக்கப்பட்டு 2025இல் கான் வரை போனதே.

பழைய தயாரிப்பாளர் குடும்பங்களை அறிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கடிதத்தை நாம் எழுதித் தருகிறோம்.