நேரம் இருந்தால் மட்டும்

ஆய்வு மாணவர்களிடையே வேடிக்கையாகவே பேசப்பட்டுவரும் ஒன்றைச் சற்று வேடிக்கை குறைத்துப் பேச விரும்புகிறேன். நெறியாளர் வீட்டு வேலைகளைத்தான் சொல்கிறேன். விடுதி உணவகத்தில் இக்கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் நெறியாளரின் மகனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். இன்னொருவர் வருமான வரிப் படிவம் நிரப்புகிறார். மற்றொருவர் நெறியாளரின் மாமனாரை அழைத்துவர நள்ளிரவில் விமான நிலையம் போகிறார். எல்லாரும் சிரிக்கிறோம், சிரித்து முடித்ததும் தட்டைக் கழுவப் போய்விடுகிறோம். இதுவும் உழைப்பே என்றோ, இதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்றோ யாரும் வாய் திறப்பதில்லை. அச்சம் ஒரு காரணம். இவ்வேலைகள் நம்மிடம் கேட்கப்படும் மொழி இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். மொழியியல் படித்தவன் என்பதால் இரண்டாவதைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் என் பங்குக் கதை. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஓர் இயலின் திருத்தங்களைப் பேசி முடித்து எழுந்தபோது, என் நெறியாளர் குடும்பத்தோடு ஜெய்ப்பூரில் ஒரு திருமணத்துக்குச் செல்லவிருப்பதாகச் சொன்னார். வீட்டில் இரண்டு நாய்கள். அவற்றை வழக்கமாக நடத்திச் செல்லும் பையன் ஊருக்குப் போயிருந்தான். "சமய் மிலே தோ ஜரா தேக் லேனா" என்றார். நேரம் கிடைத்தால் கொஞ்சம் பார்த்துக்கொள் என்பது பொருள். சாவி ஏற்கெனவே மேசைமேல் இருந்தது.

இந்தச் 'சற்றுப் பார்த்துக்கொள்வது' விரிந்த விதத்தை எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு நாட்களில் நான்கு நடைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சனிக்கிழமை முற்பகல் சலவைக் கடையில் பட்டுப்புடவைகளைப் பெற்று வந்தேன். பத்து கிலோ நாய்த் தீனி மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்து நான்கு மாடி ஏறினேன், மின்தூக்கி பழுது. பிற்பகல் முழுவதும் குடிநீர் வடிகட்டி பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருந்தேன். ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவர் மூன்றரைக்கு வந்தார். ஞாயிறு காலை ஐ.என்.ஏ. சந்தையில் மீன் வாங்க வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது விருந்தினரும் உடன் வருகிறார்களாம். அதற்கான பட்டியல் வாட்ஸ்அப்பில் மூன்று தவணையாக வந்தது. போக்குவரத்தையும் சேர்த்தால் 11 மணி நேரம்.

நாய்கள்மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஒன்று லாப்ரடார், சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துவரப் பழக்கப்பட்ட இனம். மற்றொன்று பீகிள், முயலை மோப்பம் பிடித்து விரட்ட வளர்க்கப்பட்டது. இரண்டையும் தெற்கு தில்லியின் நான்காம் மாடியில் அடைத்து வைத்தால் அவற்றின் கால்களில் தேங்கும் ஓட்டமெல்லாம் படியிறங்கும்போது நம் தோள்பட்டையில்தான் இறங்கும். லாப்ரடார் முன்னே இழுக்கும். பீகிள் ஒரு செங்கல்லின் ஓரத்தில் மூக்கை வைத்துவிட்டால் உலகம் அழிந்தாலும் நகராது. இரண்டு வார்களுக்கும் நடுவே நான் ஏதோ கயிறிழுக்கும் போட்டியின் கைக்குட்டையைப் போல நின்றேன். குடியிருப்பு வாயிலில் தெருநாய்கள் நான்கு தம் எல்லையைக் காத்து நிற்கும். அவற்றோடு சமரசம் செய்துகொள்வது தனிக் கலை. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், ஞாயிறு மாலை நடையில் அவை இரண்டும் என்னைப் பார்த்து வாலாட்டியது இதமாகவே இருந்தது. அந்த இதத்துக்கும் நான் பேச வந்ததற்கும் தொடர்பில்லை.

நான் பேச வந்தது 'தேக் லேனா' பற்றி. இந்தியில் முதன்மை வினையோடு 'தேனா' சேர்ந்தால் செயலின் பயன் பிறருக்கு. 'லேனா' சேர்ந்தால் பெரும்பாலும் செய்பவருக்கே. தமிழிலும் அப்படித்தான்: 'எழுதிக் கொடு' என்றால் பிறர்க்காக, 'எழுதிக்கொள்' என்றால் தனக்காக. ஆயினும் பிறருடைய வீட்டை, குழந்தையை, நாயை ஒப்படைக்கும்போது இரு மொழிகளும் இரண்டாவது வடிவத்தையே எடுக்கின்றன. பார்த்துக்கொள். தேக் லேனா. பயன் முழுவதும் கேட்பவருக்கு. இலக்கணமோ அது செய்பவரின் சொந்தக் காரியம் என்கிறது. இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. ஒப்படைப்பு என்பதன் பொருளே அதுதான். ஆனால் அப்படி ஒப்படைக்கப்பட்ட பின், செய்யாது விட்டால் குற்றம் நம்முடையதாகிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேட்பவரின் தகுதி சொல்லிலேயே படிந்திருக்கும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஈ, தா, கொடு ஆகிய மூன்றையும், கேட்பவர் தாழ்ந்தவரா ஒத்தவரா உயர்ந்தவரா என்பதைக் கொண்டு தொல்காப்பியம் எச்சவியலில் பிரித்து வைத்திருக்கிறது. நம் காலத்தில் பெனலப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதிய பணிவுக் கோட்பாடு (1978இல் நெடுங்கட்டுரை, 1987இல் தனிநூல்) இதே பொருளை ஒரு கணக்காக்கியது. அவர்கள் சான்று கொண்ட மூன்று மொழிகளுள் ஒன்று கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தமிழ் என்பதை நம் வகுப்பறைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரு வேண்டுகோளின் பளுவை மூன்று கூறுகளின் கூட்டுத்தொகையாக அவர்கள் காண்கிறார்கள்: பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலான தொலைவு, கேட்பவர் பேசுபவர்மீது கொண்டுள்ள அதிகாரம், கேட்கப்படும் பொருள் அப்பண்பாட்டில் எவ்வளவு பெரிய சுமையாக மதிக்கப்படுகிறது என்பது. பளு ஏற ஏறப் பேச்சு சுற்றி வளைக்கும்.

இக்கணக்கின்படி, அதிகாரம் உடையவர் சுற்றி வளைக்கத் தேவையில்லை, நேராக ஏவலாம். நம் நெறியாளர்களில் பெரும்பாலோர் ஏவுவதில்லை. 'நேரம் இருந்தால்', 'தொந்தரவு இல்லையென்றால்', 'நீ நம் வீட்டுப் பிள்ளை மாதிரி' என்றெல்லாம் அடுக்குகிறார்கள். பண்பு காரணமாக இருக்கலாம். என் நெறியாளரிடம் அது உண்மையாகவே உண்டு. ஆனால் விளைவு வேறு. ஏவினால், எந்த விதியின்படி என்று ஒரு கேள்வியாவது எழும். உதவியாகக் கேட்டால் அக்கேள்வியே அநாகரிகம் ஆகிவிடுகிறது. 'நம் வீட்டுப் பிள்ளை' என்ற தொடர் தொலைவைச் சுழியமாக்குகிறது. அதிகாரம் அப்படியே நிற்கிறது. 'நேரம் இருந்தால்' என்பதோ வேறொரு வேலை செய்கிறது. நேரம் இருக்கிறதா என்பதை அறிந்தவர் நான் மட்டுமே; எனவே நான் செய்தால் அது நானே விரும்பிச் செய்தது. செய்யாவிட்டால், நேரம் இல்லாத அளவுக்கு அப்படி என்ன எழுதிக் கிழித்தாய் என்ற கேள்வி அடுத்த சந்திப்பில் காத்திருக்கும்.

அந்த அதிகாரம் எவ்வளவு என்பதை ஆய்வுலகுக்கு வெளியே இருப்போர்க்குச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம் முன்னேற்றத்தை மதிப்பிடும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி, நெறியாளரே. இளநிலை உதவித்தொகையான 37,000 ரூபாய் முதுநிலைக்கு உயர்ந்து 42,000 ஆவதற்கும் அவர் கருத்து வேண்டும். களப்பணிக்குப் போக, கருத்தரங்கில் கட்டுரை படிக்க, இறுதியில் ஆய்வேட்டை ஒப்படைக்க எல்லாவற்றுக்கும் ஒரு கையொப்பம். நெட் உதவித்தொகை இல்லாமல் மாதம் 8,000 ரூபாயில் தில்லியில் காலம் தள்ளும் நண்பர்களுக்கு அக்கையொப்பம் இன்னும் கனமானது.

அதே ஒழுங்குமுறை இன்னொன்றையும் சொல்கிறது. முனைவர் பட்ட மாணவர்க்குக் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணியாக வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் ஒதுக்கலாம். வகுப்பு நடத்துவதற்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் மணிக்கணக்கு வைத்திருக்கும் விதி, மீன் வாங்குவதற்கு வைக்கவில்லை. பெயரில்லாத வேலைக்கு அளவும் இல்லை.

'இதெல்லாம் குருகுல மரபு' என்று மூத்தவர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மரபைக் காட்டுபவர்கள் அதை முழுதாகக் காட்டினால் மகிழ்வேன். ஆசிரியர் எவ்வாற்றால் மகிழ்வாரோ அவ்வாற்றால் வழிபடுக என்று மாணவர்க்குச் சொல்லும் நன்னூல், அறத்திலிருந்து பிறழாமல் என்ற அடையையும் சேர்த்தே சொல்கிறது. மாணவர்க்கு மட்டுமன்றி ஆசிரியர்க்கும் அந்நூல் இலக்கணம் வகுக்கிறது. நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை அவர்க்கு உவமையாக்குகிறது. உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தோட்டத்துச் செடிகள்மேல் கொண்டிருந்த ஆசையை அறிந்து, அதிகாலையில் புதுத் தளிர்களைத் தேடி வைத்து அவருக்குக் காட்டிப் பாடம் பெற்ற கதையைச் சொல்கிறார். மிக அழகான பகுதி. அதில் யாரும் யாரையும் தளிர் தேடச் சொல்லவில்லை என்பது ஒருபுறம் இருக்க, தளிர் காட்டியவருக்குத்தான் அந்தக் காலை வேளையில் பாடம் கிடைத்தது என்பதையும் படிக்கலாம். இன்றும் அதுவே நடக்கிறது. நாய்களை நடத்திச் செல்பவனுக்கு, சாவியைத் திருப்பித் தரும்போது தேநீரும், கூடவே மூன்றாம் இயலைப் பற்றிப் பதினைந்து நிமிடமும் கிடைக்கின்றன. எனக்கும் கிடைத்தன, பயனுள்ள பதினைந்து நிமிடங்கள். நெறியாளரின் வீட்டுக்குள் அழைக்கப்படாத மாணவர் அதற்காக அலுவலக வாயிலில் இரண்டு வாரம் நிற்கிறார். அழைக்கப்படாததற்குச் சாதி காரணமா, மொழி காரணமா, பெண்ணென்றால் ஊர்வாய்க்கு அஞ்சியா என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆக, வேலை வாங்கப்படுபவர் மட்டுமன்று, வாங்கப்படாதவரும் இழக்கிறார். இதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேறோர் இடத்தில் இருந்திருக்க வேண்டும். ஜங்புராவின் மதராசி முகாம் 2025 ஜூன் முதல் நாள் இடிக்கப்பட்டதை அறிவீர்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்களில் ஒரு பகுதியினர்க்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் சிதறிப் போனார்கள். ஒரு தமிழ்ப் பேச்சுக் குழு கலைந்துகொண்டிருக்கும்போதே அதன் பேச்சைப் பதிவு செய்வதுதான் என் ஆய்வு. நான் சந்திக்கவிருந்த அம்மா இன்னும் தெற்கு தில்லி வீடுகளில் வேலை செய்கிறார். விடியுமுன் பேருந்து ஏறுகிறார். அவருக்கு வாரத்தில் ஓய்வு ஞாயிறு ஒன்றே. சந்திப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன்.

அடுத்த வாரம் போனபோது, சென்ற வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். "பாத்திரத்துக்குத் தனி, துணிக்குத் தனி, நாய்க்குத் தனி தம்பி. சும்மா கூட்டிக்கிட்டுப் போன்னு சொன்னா நாளையிலேருந்து வரமாட்டேன்னுடுவேன்" என்றார். பிறகு, "உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டார். ஒலிப்பதிவில் அதற்குப் பின் ஐந்து நொடி மௌனம் இருக்கிறது.

அவர் வாழ்க்கையை நான் உயர்த்திக் காட்டவில்லை. அவருடைய 'வரமாட்டேன்' சொல்லப்பட்டால் அடுத்த மாத அரிசி என்னாகும் என்பது அவருக்கும் தெரியும். என்றாலும் அவ்வேலைக்கு விலை உண்டு என்பதில் அவருக்கோ வேலை கொடுப்பவருக்கோ ஐயமில்லை. ஊருக்குப் போயிருந்த அந்தப் பையனுக்கும் மாதச் சம்பளம் உண்டு. அதே வார், அதே பூங்கா, அதே நாய்கள். பையன் கையிலிருந்து என் கைக்கு மாறியதும் சம்பளம் மறைந்து பாசமாகிவிட்டது.

முறையிட வழிகள் உண்டு என்று சொல்வீர்கள். 2023ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை, குழுவையும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளரையும் வைத்திருக்கிறது. முன்னாள் துணைவேந்தரோ ஓய்வுபெற்ற நீதிபதியோ அமர்ந்திருக்கும் அவைக்குப் போய், 'பீகிள் நகர மறுத்தது' என்று எவர் மனு எழுதுவார்? ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் முறையிடத் தகாத அளவுக்குச் சிறியது. அந்தச் சிறுமைதான் இவ்வழக்கத்துக்குக் காவல். மேலும், என் நெறியாளர் கெட்டவர் அல்லர். என் ஒலியனியல் இயலை வரி வரியாகத் திருத்தியவர். அவர்மீது மனு எழுத எனக்கு விருப்பமில்லை. மனு எழுதாமலே மறுக்க முடிகிற நிலைமையே எனக்கு வேண்டும். மருத்துவமனை, விபத்து, இழவு ஆகியவற்றில் ஓடிப்போய் நிற்பதை யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை.

எனவே எங்கள் துறையின் ஆய்வு மாணவர்கள் சிலர் சேர்ந்து இரண்டு கோரிக்கைகளை எழுதியிருக்கிறோம். பதிவு செய்த நாள் முதல் பட்டம் பெறும் நாள் வரை, மாணவரே முன்வந்தாலும், நெறியாளர் தம் வீட்டு வேலைகளை அவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று துறை விதியில் ஒரு வரி. மாணவரே முன்வந்தாலும் என்பதுதான் அதில் முக்கியம். 'நேரம் இருந்தால்' நுழையும் வாசல் அது. இரண்டாவது, ஆறு மாத மதிப்பீட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் நெறியாளர் இல்லாமல் மற்ற உறுப்பினர்களோடு மாணவர் பேச வேண்டும்; எல்லா மாணவரும், குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும். சிலர் மட்டும் கேட்டுப் பெறும் பத்து நிமிடமானால் அதைக் கேட்பதே ஒரு புகாராகிவிடும்.

இதைத் தமிழில் எழுதுவதால் என் நெறியாளர் படிக்கமாட்டார் என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். மொழிபெயர்ப்புப் பொத்தான் இருப்பதை அறிவேன். கோரிக்கை வரைவின் முதல் படியை அவர் மேசையில்தான் வைக்கப் போகிறோம். வேறு பல்கலைக்கழகங்களில் இத்தகைய விதி ஏற்கெனவே இருந்தால், அதன் சொற்களை அப்படியே பின்னூட்டத்தில் இடுங்கள். துறைக் கூட்டம் அடுத்த மாதம் 2ஆம் வாரத்தில் நடக்கிறது.