வளையம் மாட்டிய பிறகு

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கி மருத்துவமனைக்கு அனுப்புவதில் தமிழ்நாட்டில் தயக்கம் குறைந்திருக்கிறது. 108 வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. உதவ வந்தவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் பாதுகாப்புத் தருகிறது. உயிரைக் காப்பது எல்லோருடைய வேலை என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். உயிர் பிழைத்த பின், முழங்காலுக்குக் கீழே எலும்பு கூடாமல் மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடப்பவர் யாருடைய பொறுப்பு? அவருடைய வீட்டாரின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். அது சரியல்ல.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்பக்கம் கையை வைத்தால் எலும்பு நேராகத் தட்டுப்படும். உட்புறத்தில் அதற்குத் தோலைத் தவிர வேறு போர்வை கிடையாது. இருசக்கர வாகன விபத்தில் அது முறியும்போது தோலைக் கிழித்து வெளியே வருவதும், மண்ணும் தாரும் காயத்துக்குள் போவதும் அதனால்தான். கீழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டமும் குறைவு. கிருமித்தொற்று, எலும்புத் துண்டு இழப்பு, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் எலும்பு கூடுவது தள்ளிப்போகும். ஒன்பது மாதம் ஆகியும் கூடாமல், கடைசி மூன்று மாதத்தில் முன்னேற்றமும் தெரியாவிட்டால், அது தானாகக் கூடாது என்று மருத்துவர்கள் கணக்கிடுவது வழக்கம். அதற்குள் பிளேட் வைத்து, ராடு வைத்து, சீழ் பிடித்து, வைத்ததை எடுத்து, நகையை அடகு வைத்து, குடும்பம் களைத்துப்போயிருக்கும். “காலையே எடுத்துவிடலாமா” என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

அந்தக் கேள்விக்கு மாற்று விடை மேற்கு சைபீரியாவின் குர்கான் நகரிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950-களில், கவ்ரீல் இலிசரோவ் என்ற மருத்துவர் காலைச் சுற்றி உலோக வளையங்களை அமைத்து, எலும்பின் குறுக்கே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளைப் போல விறைப்பாக இழுத்துக் கட்டினார். கெட்டுப்போன எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பகுதியில் ஒரு வெட்டுப் போட்டு, அந்தத் துண்டை நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நகர்த்தினால், பின்னால் விடும் இடைவெளியில் புது எலும்பு முளைக்கிறது என்று கண்டார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், மறு ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப் பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு 1968-இல் அவரிடம் வந்து சேர்ந்தார். பின்னர் மீண்டும் தாண்டினார். மேற்கு ஐரோப்பாவுக்கு இது எட்டியதோ 1980-களில்தான், இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி குர்கானில் குணமடைந்து திரும்பிய பின். இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே வளையம் மாட்டுகிறார்கள்.

மாட்டுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகுதான் சிகிச்சை தொடங்குகிறது. 5 சென்டிமீட்டர் எலும்பை நகர்த்த மட்டுமே ஐம்பது நாள் ஆகும். முளைத்த எலும்பு இறுக மேலும் பல மாதங்கள். நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர், நட்டைத் திருப்ப வேண்டும். திருப்புவது பெரும்பாலும் மனைவி, அம்மா, அல்லது பள்ளிக்குப் போகும் பிள்ளை. கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு துளையையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் டிஸ்சார்ஜ் செய்யும் அவசரத்தில் ஒரு நிமிடத்தில் சொல்லி அனுப்புவது போதாது. எத்தனை மாதம் ஆகும் என்பதை மருத்துவர் முதலிலேயே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நட்டைத் திருப்பப் போகிறவரை அழைத்து, செவிலியர் முன்னிலையில் செய்ய வைத்துப் பார்த்து, தமிழில் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

உறவினருக்கும் பங்கு உண்டு. பார்க்க வருபவர்கள் வளையத்தைக் கண்டு பயந்து, “காலை ஊன்றாதே, படுத்தே இரு” என்று அன்போடு சொல்கிறார்கள். மருத்துவர் ஊன்றச் சொல்லியிருந்தால் ஊன்றித்தான் ஆக வேண்டும். வளையம் எடையைத் தாங்குவதற்காகவே இருக்கிறது, எலும்புக்கும் அந்த அழுத்தம் வேண்டும். நண்பர்கள் அவர் முன்னால் சிகரெட்டைப் பற்றவைக்காமல் இருப்பதும் சிகிச்சைதான். பேருந்தில் வளையக் காலோடு ஏறுபவருக்கு எழுந்து இடம் தர யாரும் சட்டம் போட வேண்டியதில்லை.

புத்தூர்க் கட்டு எனும் நாட்டு எலும்புக் கட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். அறுவைச் சிகிச்சையின் செலவும் பயமும் மக்களை அங்கே அனுப்புகின்றன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் தோல் கிழிந்து எலும்பு தெரியும் முறிவுக்குக் கட்டுப் போடுவது சீழுக்கு வழிவிடுவது. அத்தகையவரைத் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்புவோம் என்று கட்டுப் போடுபவர்கள் உறுதி எடுக்க வேண்டும். கட்டை அவிழ்த்துவிட்டுத் தாமதமாக வருபவரைத் திட்ட மாட்டோம் என்று மருத்துவர்களும் உறுதி எடுக்க வேண்டும். திட்டு வாங்குபவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்.

அரசுக்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு முதல் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அதே பணியாளர்களுக்குக் கம்பித் துளைகளைப் பார்க்கவும், சிவந்து நீர் வடிந்தால் உடனே தெரிவிக்கவும் பயிற்சி கொடுக்கலாம். எக்ஸ்ரே எடுக்க ஒவ்வொரு முறையும் மாவட்டத் தலைநகருக்கு வாடகைக் கார் பிடிக்க வைக்காமல், தாலுகா மருத்துவமனையில் எடுத்த படத்தைப் பெரிய மருத்துவமனை மருத்துவர் பார்த்துச் சொல்லலாம்.

இத்தனைக்கும் மேலே பெரிய கேள்வி சம்பளம். பாதிச் சிகிச்சையில் வேலைக்கு ஓடுபவர்கள் சோற்றுக்காகத்தான் ஓடுகிறார்கள். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு வழி இருக்கிறது. ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அது தீர்ந்த பின், நீண்டகால நோய்ப் பட்டியலில் கூடாத எலும்பு முறிவும் இருப்பதால், குறைந்தது ஈராண்டு பணியில் இருந்தவர் 80 சதவீதத்தை ஈராண்டு வரை பெற முடியும். எத்தனை தொழிலாளர்களுக்கு இது தெரியும்? விடுப்புக் கடிதம் வாங்கும் மேலாளரும் தொழிற்சங்கச் செயலாளரும் அன்றைக்கே சொல்ல வேண்டிய செய்தி இது. ஈ.எஸ்.ஐ. இல்லாத சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் உணவு கொண்டுவரும் இளைஞருக்கும் இந்த ஏற்பாடு கிடையாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, இணையவழிச் சேவைத் தொழிலாளர்களுக்கும் 2023 இறுதியில் ஒன்று அமைக்கப்பட்டது. அரசு எலும்பு மருத்துவர் சான்று கொடுத்தால், வளையம் காலில் இருக்கும் மாதங்கள் முழுவதும் ஒரு குறைந்தபட்சத் தொகை அந்த வாரியங்கள் வழியாக வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு ஒரு தலைப்பு ஒதுக்கும்படி ஆளும் கட்சியும் எதிர்க்கட்சிகளும் சேர்ந்து கேட்க வேண்டும்.