பிராங்கோஸ் 2020: பயிற்சியாளர் ஒருவர் மட்டுமா தோற்றார்?

இரண்டு ஆட்டங்கள், இரண்டு வெற்றிகள். பிரிஸ்பேன் பிராங்கோஸ் 2020ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ரக்பி லீக் சீசனை அப்படித்தான் தொடங்கியது. முதலில் டவுன்ஸ்வில் நகரில் புதிதாகக் கட்டிய மைதானத்தின் திறப்பு ஆட்டத்தில், அந்த ஊர் அணியான கவ்பாய்ஸை அதன் ரசிகர்கள் கண்ணெதிரே வீழ்த்தியது. அடுத்த வாரம் சவுத் சிட்னி ராபிட்டோஸை 22-18 என வென்றது. அதற்குள் கொரோனா வந்து போட்டிகளை நிறுத்திவிட்டது. மே 28 அன்று ஆட்டங்கள் மறுபடி தொடங்கியபின் அந்த அணிக்கு எஞ்சியிருந்தவை 18 ஆட்டங்கள். அவற்றில் ஜெயித்தது ஒன்றே ஒன்று.

செப்டம்பர் 24 இரவு, சீசனின் கடைசி ஆட்டத்தில், மார்ச்சில் தோற்கடித்த அதே கவ்பாய்ஸிடம் சொந்த ஊரில் 32-16 எனத் தோற்றது பிராங்கோஸ். தொடர்ச்சியாக 11ஆவது தோல்வி. 16 அணிகள் கொண்ட பட்டியலில் 16ஆவது இடம். கேன்டர்பரி புல்டாக்ஸுக்கும் அந்த ஆண்டு மூன்றே வெற்றிகள்தான். ஆனால் எடுத்த புள்ளிகளுக்கும் விட்டுக்கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் மோசம் என்பதால் பிராங்கோஸ் அதற்கும் கீழே போனது. கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு அங்கே ‘மரக்கரண்டி’ என்று ஒரு பட்டம் உண்டு. 1988இல் களமிறங்கிய பிராங்கோஸ் அதை வாங்கியது அதுவே முதல்முறை.

அது சாதாரணக் கிளப் அல்ல. 1992, 1993, 1997, 1998, 2000, 2006 என அதுவரை ஆறு முறை கோப்பை வென்றது. 1992 முதல் 2009 வரை ஓராண்டுகூடத் தவறாமல் இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. பல ஆண்டுகள் 25 லட்சம் பேர் வாழும் ஒரு பெருநகரத்தின் ஒரே அணியாக இருந்தது. பார்வையாளர் எண்ணிக்கையில் லீக்கிலேயே முன்னணியில் நிற்பது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். பெரும்பான்மைப் பங்குகள் நியூஸ் கார்ப்பிடம். பணம், ஆள், பெயர் எதிலும் குறையில்லாத ஓர் இடம் ஒரே ஆண்டில் பாதாளத்துக்குப் போனது எப்படி?

எல்லாரும் சொன்ன பதில் எளிமையானது: பயிற்சியாளர் ஆன்டனி சீபோல்ட். அந்தப் பதில் பாதிகூட உண்மையில்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சற்று விளக்கம் வேண்டும். ஒரு பக்கத்துக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடிபடும்வரைதான் முன்னேறலாம். ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் தடுக்கும் 13 பேரும் ஒரே வரிசையாக நகர வேண்டும். கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவதைப் போல, இங்கே ஒருவர் அரை நொடி பிந்தினால் முழு வரிசையும் உடையும். அந்த வரிசையைக் கட்டி வைத்திருப்பது உடல் வலிமை மட்டும் அல்ல. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து “நகரு” என்று கத்துகிற அனுபவசாலியின் குரலும்தான்.

2020இல் பிராங்கோஸிடம் அந்தக் குரல் கிட்டத்தட்ட இல்லை. சாம் தைடே 2018 முடிவில் ஓய்வு பெற்றார். ஜோஷ் மெக்வயர் கவ்பாய்ஸுக்குப் போனார். மேட் கில்லெட் காயத்தால் 2019இல் விலகினார். அணிக்காக 250க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய ஹூக்கர் ஆண்ட்ரூ மெக்கல்லோவை 2020 சீசனின் நடுவிலேயே நியூகாசில் அணிக்கு இரவலாக அனுப்பினார்கள். ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் இடம் ஹூக்கருடையது. அணி சரிந்துகொண்டிருக்கும்போது அந்த இடத்தில் இருந்த மூத்தவரை அனுப்பிய முடிவை எப்படிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை. கேப்டன் அலெக்ஸ் கிளென் காயத்தால் ஆடாத ஆட்டங்களில் 22 வயது பேட்ரிக் கேரிகன் அணியை நடத்தினார். பேன் ஹாஸுக்கும் டேவிட் ஃபிஃபிடாவுக்கும் வயது 20. திறமைக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்கு வழிகாட்டத்தான் ஆள் இல்லை.

இந்த நேரத்தில் விதியும் மாறியது. மே மாதம் ஆட்டம் திரும்பியபோது, பிடிபட்டவரை எழவிடாமல் தாமதப்படுத்தும் தவறுக்கு ஆட்டத்தை நிறுத்திப் பெனால்டி கொடுக்கும் முறை போய், நிறுத்தாமலே ஆறு வாய்ப்புகளை மறுபடி முதலிலிருந்து எண்ணும் முறை வந்தது. முன்பெல்லாம் பெனால்டி ஊதப்பட்டதும் தடுக்கும் அணிக்கு மூச்சுவிட ஒரு நிமிடமாவது கிடைத்தது. இப்போது அதுவும் இல்லை. கட்டுக்கோப்பான அணிகள் இந்த வேகத்தில் செழித்தன. சிதறிக்கிடந்த அணிகள் நசுங்கின. மே 28இல் பரமட்டா அணியிடம் 34-6 எனத் தோல்வி. ஒரு வாரம் கழித்து, ஜூன் 4இல், ஆளில்லாத சொந்த மைதானத்தில் சிட்னி ரூஸ்டர்ஸிடம் 59-0. கிளப்பின் வரலாற்றிலேயே அதுவரை அதைவிட மோசமான தோல்வி கிடையாது. ஜூலையில் புல்டாக்ஸை 26-8 என வென்றபோது ரசிகர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் 48-0 என அதைத் துடைத்துப் போட்டது.

ஆனால் சரிவின் தேதி 2020 அல்ல. 2018 டிசம்பர்.

ஆறு கோப்பைகளையும் வென்று தந்தவர் ஒரே பயிற்சியாளர், வேய்ன் பென்னட். 1988 முதல் 2008 வரை, பிறகு 2015 முதல். நிர்வாகத்துக்கு அவரை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்ததில் தவறில்லை. 2018இல் அணி ஆறாவது இடத்தில் முடித்து, சொந்த ஊரில் செயின்ட் ஜார்ஜ் அணியிடம் 48-18 என உதைபட்டு வெளியேறியிருந்தது. பென்னட்டின் கடைசி ஆண்டுகளைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றிய விதத்தில்தான் கோளாறு. அப்போது ராபிட்டோஸின் பயிற்சியாளராக இருந்த சீபோல்ட் பிராங்கோஸின் அடுத்த பயிற்சியாளராக ஒப்பந்தமானதும், பென்னட் ராபிட்டோஸோடு ஒப்பந்தமானதும் 2020க்குத்தான். இடையில் வெளிப்படையான பூசல் முற்றி, நிர்வாகம் பென்னட்டை ஓராண்டு முன்கூட்டியே நீக்கியது. இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

சீபோல்ட் அப்போது ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியவர். தலைமைப் பயிற்சியாளராக அவருடைய அனுபவமோ ஒரே ஒரு சீசன். அவருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தது கிளப். ஓராண்டுச் சாதனையை நம்பி ஐந்தாண்டை எழுதிக் கொடுத்தவர்கள் யார்? களத்தில் இறங்காதவர்கள். 2019இல் அணி எட்டாவது இடத்தைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி இறுதிச் சுற்றுக்குப் போய், பரமட்டாவிடம் 58-0 என வாங்கிக்கட்டியபோதே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. அது கேட்ட பிறகும் மூத்த வீரர்களைச் சேர்க்கவில்லை, இருந்தவர்களையும் விட்டார்கள். இங்கே வீரர்களின் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. எல்லாக் கிளப்புகளும் செலவிடக்கூடியது ஏறத்தாழ ஒரே தொகைதான். ஆகவே யாருக்கு எவ்வளவு என்று பங்கிடும் தீர்ப்புதான் ஒரு நிர்வாகத்தின் முழுத் திறமையும். அந்தத் தேர்வில்தான் பிராங்கோஸ் முதலில் தோற்றது.

பழி விழுந்தது மட்டும் ஒரே தலையில். சீபோல்டைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் சமூக ஊடகங்களில் அருவருப்பான வதந்திகள் பரவின. அவற்றைக் கிளப்பியவர்களைக் கண்டுபிடிக்க அவர் வழக்கறிஞர்களை நாட வேண்டியிருந்தது. ஆகஸ்டில் குடும்பக் காரணத்துக்காக அணியின் கொரோனா தனிமை வளையத்தை விட்டு வெளியேறியவர், அந்த மாதமே பதவியையும் விட்டார். ஒரு பயிற்சியாளரின் தடுப்பு உத்தியைக் கிழித்துத் தொங்கவிட ரசிகருக்கு உரிமை உண்டு. அவருடைய வீட்டுக்குள் நுழைய யாருக்கும் உரிமையில்லை. ரக்பி லீக்கைத் தன் அடையாளமாகக் கொண்டாடும் குயின்ஸ்லாந்து மாநிலம் அந்த மாதத்தில் நடந்துகொண்ட விதம், எந்தத் தோல்வியையும்விட வெட்கக்கேடானது.

அந்தக் கடைசி ஆட்டத்தோடு ஓய்வு பெற்றவர் டேரியஸ் பாய்ட். 2006இல் பதின்ம வயதுப் புதுமுகமாக அவர் இருந்த அணிதான் கிளப்பின் ஆறாவது கோப்பையை வென்றது. 337 முதல்தர ஆட்டங்களுக்குப் பின் அவருக்குக் கிடைத்த விடை, கடைசி இடம்.

பிறகு நடந்தவை, கோளாறு எங்கே இருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. முன்னாள் வீரர் கெவின் வால்டர்ஸ் பயிற்சியாளரானார். தலைமைச் செயல் அதிகாரியாக மெல்போர்ன் ஸ்டார்மிலிருந்து டேவ் டொனாஹி வந்தார். உடனே எதுவும் மாறிவிடவில்லை. 2021இல் 14ஆவது இடம்தான். தவறுகளும் தொடர்ந்தன. 20 வயது ஹாஃப்பேக் டாம் டியர்டனைக் கவ்பாய்ஸுக்கு விட்டார்கள். அடுத்த ஆண்டே அவர் குயின்ஸ்லாந்து மாநில அணிக்கு ஆடினார். ஃபுல்பேக் ரீஸ் வால்ஷை ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் நியூசிலாந்து வாரியர்ஸுக்கு அனுப்பினார்கள். திருப்பம் வந்தது, சவுத் சிட்னி நீண்ட ஒப்பந்தம் தர மறுத்த ஹாஃப்பேக் ஆடம் ரெனால்ட்ஸை 2022க்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தபோது. முப்பதைத் தாண்டியவர் என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். அணிக்குத் தேவைப்பட்டதோ அந்த வயதுதான். வால்ஷும் 2023இல் திரும்ப வந்தார். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் பென்ரித் அணிக்கு எதிராக 24-8 என முன்னிலை பெற்று, 26-24 எனத் தோற்றார்கள். 2024இல் மறுபடி சரிந்து 12ஆவது இடம். வால்டர்ஸ் நீக்கப்பட்டு மைக்கேல் மக்வயர் வந்தார்.

2025 அக்டோபர் 5இல் மெல்போர்ன் ஸ்டார்மை 26-22 என வென்று, 19 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைத் தூக்கியது பிராங்கோஸ். ஆட்டத்தின் சிறந்த வீரர் வால்ஷ். கேப்டன் ரெனால்ட்ஸ். 2017இல் விட்டுவிட்டு மறுபடி அழைத்துவந்த பென் ஹன்ட்டும் அணியில் இருந்தார். இருவருக்கும் வயது 35. அவர்களைச் சுற்றி ஆடியவர்களில் ஹாஸ், கேரிகன், கோடோனி ஸ்டாக்ஸ் மூவரும் 2020இல் கடைசி இடம் பிடித்த அணியின் இளைஞர்கள்தான்.