சீன மரபு மருத்துவமும் புற்றுநோய்ச் சிகிச்சையும்: எதனை, எங்கே, யார் அறியச் சேர்ப்பது?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் மரபு மருத்துவத்திற்கெனத் தனி இயல் ஒன்று இடம்பெற்றுள்ளது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட இப்பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஏற்றுக்கொள்ளப்பட்டபோது அவ்வியலின் வேர் பண்டைய சீன மருத்துவ மரபில் இருந்தது. அதில் உள்ளவை பதிவுக்கும் கணக்கெடுப்புக்கும் பயன்படும் குறியீடுகள் மட்டுமே; எந்த மருந்தின் பயனுக்கும் அளிக்கப்பட்ட சான்று அன்று. ஆயினும் இதனை உலக அங்கீகாரம் என்று பொருள்கொள்வோர் உண்டு. சீன மூலிகை மருந்துகள் இணையம் வழியே எந்நாட்டிலும் வாங்கக் கிடைக்கும் இக்காலத்தில், இவ்வேறுபாட்டைப் புற்றுநோயாளிகளும் குடும்பத்தினரும் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

சீனாவில் இவ்விரு மருத்துவ முறைகளையும் இணைப்பது அரசின் கொள்கை. அந்நாட்டின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு, நவீன மருத்துவத்தையும் சீன மரபு மருத்துவத்தையும் அரசு வளர்க்கும் என்கிறது. மரபு மருத்துவத்திற்கான தனிச் சட்டமும் 2017 ஜூலை 1 முதல் செயல்படுகிறது. கீமோதெரபி பெறும் அதே நோயாளிக்கு மூலிகைக் கஷாயமோ மூலிகை ஊசிமருந்தோ தரப்படுவது அங்கு வழக்கமானது. எனினும், மேலை மருத்துவம் மட்டும் பயின்ற மருத்துவர்கள் தக்க பயிற்சி பெறாமல் ஆயத்தச் சீன மருந்துகளை எழுதிக்கொடுக்கக் கூடாதென 2019இல் கட்டுப்பாடு வந்தது. இணைப்பை ஊக்குவித்த அரசே, யார் இணைக்கலாம் என்று வரையறுக்க வேண்டியதாயிற்று.

‘சேர்க்கலாமா, கூடாதா’ என்று பொதுவாகக் கேட்பதால் விடை கிடைக்காது. எந்தப் பொருள், எந்தப் புற்றுநோய்க்கு, எந்த அளவில், வேறு எந்த மருந்துடன் என்று கேட்டால்தான் மருத்துவத்தால் பதில் சொல்ல இயலும். அவ்வாறு கேட்டு விடை கண்ட தலைசிறந்த எடுத்துக்காட்டு ஹார்பின் நகரில் தொடங்குகிறது.

ஹார்பினில் கிடைத்த விடை

1970களின் தொடக்கத்தில், வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணக் கிராமப்புறத்தில் வழங்கிய நாட்டு மருந்து ஒன்று மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. அதில் ஆர்சனிக், பாதரச உப்பு, தேரையின் நஞ்சு ஆகிய மூன்றும் இருந்தன. ஹார்பின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஹான் தாய்யுன் அதனை ஊசிமருந்தாக மாற்றினார். ஜாங் டிங்டாங் அதனை இரத்தப் புற்றுநோயாளிகளிடம் ஆராய்ந்தார். அவர்கள் அக்கலவையை அப்படியே போற்றவில்லை. ஒவ்வொரு பொருளாகப் பிரித்துச் சோதித்தனர். பயன் தந்தது ஆர்சனிக் டிரையாக்சைடு என்றும், ஏனைய இரண்டும் நஞ்சாகவே எஞ்சின என்றும் தெரியவந்தது. எல்லா இரத்தப் புற்றுநோய்களிலும் அது சமமாகச் செயல்படவில்லை. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா எனும் ஒரு வகையில்தான் அதன் ஆற்றல் தனித்துத் தெரிந்தது.

தமிழ் மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாடாணம் என்று குறிப்பிடும் பொருளும் இதுவே. அளவு மிகுந்தால் உயிரைப் போக்கும் நஞ்சு இந்த ஒரு நோயில் ஏன் மருந்தாகிறது என்பதற்கு விளக்கம் உண்டு. இந்நோயில் 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியும் 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் இயல்புக்கு மாறான இணைப்புப் புரதம் ஒன்று உருவாகிறது. அது இரத்த அணுக்களை முதிரவிடாமல் தடுக்கிறது. ஆர்சனிக் அப்புரதத்தின் ஒரு பாதியைப் பற்றிச் சிதைக்கிறது. வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாயிக் அமில மருந்து மறு பாதியின்மீது செயல்படுகிறது. இவ்வமில மருந்தை 1980களில் இந்நோயாளிகளுக்குப் பயன்படுத்தி வழிகாட்டியவர் ஷாங்காயின் ரூய்ஜின் மருத்துவமனையைச் சேர்ந்த வாங் ஜென்யி. வேறு புற்றுநோய்களில் இந்த இணைப்புப் புரதம் இல்லை. ஆகவே ‘ஆர்சனிக் புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என்று பொதுப்படக் கூறுவது தவறு, ஆபத்தானதும்கூட.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டில் இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. 2013இல் வெளியான இத்தாலிய, ஜெர்மானியக் கூட்டு ஆய்வில், கடும் ஆபத்து நிலையில் இல்லாத நோயாளிகள் இரு பிரிவாக ஒப்பிடப்பட்டனர். ரெட்டினாயிக் அமிலத்துடன் ஆர்சனிக் பெற்றோரில் 97 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாமலும் பிற பின்னடைவின்றியும் இருந்தனர். அமிலத்துடன் கீமோதெரபி பெற்றோரில் அது 86 விழுக்காடு. இரத்தக் கசிவால் சில நாள்களிலேயே உயிர் பறித்த நோய், வழக்கமான கீமோதெரபி இல்லாமலே பெரும்பாலும் குணமாகும் நோயாயிற்று. அதே ஆண்டு சீனாவில் 242 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று, மனோசிலை கலந்த வாய்வழி மாத்திரை ஆர்சனிக் ஊசிக்குக் குறைந்ததன்று என்று காட்டியது.

இது மரபு மருத்துவத்தின் வெற்றியா, நவீன மருத்துவத்தின் வெற்றியா என்று வழக்காடுவோர் இரு தரப்பிலும் உள்ளனர். குணமடைந்த நோயாளிக்கு அவ்வழக்கால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று குறிப்பிடத்தக்கது: இச்சிகிச்சையின்போது நோயாளியின் இதயத் துடிப்பு வரைபடமும் இரத்தத்தின் பொட்டாசியம் அளவும் இடைவிடாது கண்காணிக்கப்படுகின்றன. பாடாணம் கலந்த பொடியை வீட்டில் உட்கொள்வதற்கும் இதற்கும் எவ்வித ஒப்புமையும் இல்லை.

பிரித்துச் சோதிக்காதபோது

புராஸ்டேட் புற்றுநோய்க்கென ‘பிசி-ஸ்பெஸ்’ என்னும் எட்டு மூலிகைக் கலவை அமெரிக்காவில் விற்கப்பட்டது. அதனை உட்கொண்ட நோயாளிகளின் பிஎஸ்ஏ அளவு உண்மையாகவே குறைந்தது. பின்னர் ஆராய்ந்தபோது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பாரின், செயற்கைப் பெண் ஹார்மோன், வலிநிவாரணி ஆகியன அதில் கலந்திருந்தது வெளிப்பட்டு, 2002இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மூலிகையை நம்பியவர்கள் தாம் அறியாமலே ஹார்மோன் மருந்தை உட்கொண்டிருந்தனர்.

பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு, ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு மூலிகை தவறுதலாகத் தரப்பட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்களைப் பழுதாக்கியது. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் தோற்றுவித்தது. பழமையான மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்று கொள்ள இயலாது.

அக்குபஞ்சர் இவற்றினும் வேறானது. அது கட்டியைக் கரைப்பதாக நம்பகமான சான்று இல்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மாத்திரை உட்கொள்ளும் பெண்களின் மூட்டுவலியை அது ஓரளவு குறைப்பதாக 226 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2018இல் தெரிவித்தது. கீமோதெரபியின்போது இரத்த வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருந்தால், ஊசி குத்துமுன் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

என் மதிப்பீட்டில், கலவையின் நஞ்சைக் காட்டிலும் பெரிய ஆபத்து கைவிடப்படும் சிகிச்சையில் உள்ளது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், துணை மருத்துவத்தை நாடிய 258 நோயாளிகளுள் 34 விழுக்காட்டினர் கீமோதெரபியையும், 53 விழுக்காட்டினர் கதிர்வீச்சுச் சிகிச்சையையும் மறுத்திருந்தனர். ஏனையோரில் இவ்விகிதங்கள் மூன்று விழுக்காட்டை ஒட்டியே இருந்தன. அப்பிரிவினரின் இறப்பு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. மறுக்கப்பட்ட சிகிச்சையைக் கணக்கில் கொண்டதும் அவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது. அதாவது, இவ்வாய்வில் உயிரிழப்புக்குப் பெரும் காரணமாகத் தெரிவது, சேர்த்துக்கொண்ட துணை மருத்துவம் அன்று, விடப்பட்ட சிகிச்சையே.

மூலிகை மருந்து ஏதேனும் உட்கொள்வோர் அதனைச் சிகிச்சை தொடங்குமுன் மருத்துவரிடம் தயங்காது கூற வேண்டும். பெயர் தெரியாவிடில் புட்டியையோ உறையையோ எடுத்து வாருங்கள். ‘டான்ஷென்’ எனும் சீன மூலிகை வார்பாரினின் செயலை மிகுவித்து இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் இதனை முன்னதாகவே தெரிவித்தல் இன்றியமையாதது. சேர்மானம் எழுதப்படாத பொடியாயின் அதனை உட்கொள்ளவே வேண்டாம்.