ஆசிரியரே தேடியதை வாசகர் தேடக் கூடாதா?

மாயப் புனைவு நாவல்களின் பழங்கதையில் விடுபட்ட சம்பவங்களுக்கு விடை தேடுவது வெட்டி வேலை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை தீர்ப்பு எழுதியிருக்கிறது. அதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. நடக்காத ஒன்றுக்கு வரலாறு கிடையாது, வரலாறு இல்லாத இடத்தில் ‘என்ன நடந்திருக்கும்’ என்ற கேள்விக்கு அர்த்தமில்லை, ஆசிரியர் சொல்லாமல் விட்டதெல்லாம் அவர் யோசிக்காமல் விட்டது, அதைத் தோண்டுகிறவர்களுக்கு இலக்கியம் பிடிபடவில்லை. இவ்வளவுதான் வாதம். இந்த வாதத்துக்கு டோல்கீனைவிடப் பொருந்தாத ஓர் எழுத்தாளரைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. அவரைப் பற்றிய அடிப்படைச் செய்திகளைக்கூடப் பார்க்காமல், பார்த்துப் படித்தவர்களை அந்தக் கட்டுரை பழிக்கிறது.

டோல்கீன் பிழைப்புக்கு என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். அவர் ஊன்றிப் படித்த ‘பியோவுல்ஃப்’ காவியத்தில், விருந்து மண்டபத்தில் ஒரு பாணன் எழுந்து ஃபின் என்ற மன்னனின் கோட்டையில் நடந்த சண்டையைப் பாடுகிறான். கேட்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும் என்பதால் பாதியைச் சொல்லாமலே தாண்டிப் போகிறான். அதே சண்டையைப் பாடும் வேறொரு பாட்டின் துண்டு ஒன்று உண்டு. ஐம்பது வரி தேறாது. ஜார்ஜ் ஹிக்ஸ் என்ற அறிஞர் அதை 1705இல் அச்சிட்டார். அவர் பார்த்துப் படியெடுத்த ஏடு பிறகு தொலைந்துவிட்டது. சண்டையை மூட்டியது யார்? தலைவனைப் பறிகொடுத்த ஹெங்கஸ்ட், கொன்றவர்களோடு ஒரே கூரையின் கீழ் ஒரு குளிர்காலம் முழுவதும் ஏன் தங்கினான்? ஜூட் இனத்தவர் எந்தப் பக்கம்? காவியம் நேராகப் பதில் சொல்லவில்லை.

டோல்கீன் என்ன செய்தார்? சொல்லப்படாததை எட்டிப் பார்த்தார். ஜூட்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள் என்றும், ஹெங்கஸ்ட்டின் தர்மசங்கடம் அதிலிருந்தே பிறந்தது என்றும், கென்ட் பகுதிக்குப் படையோடு வந்ததாகச் சொல்லப்படும் ஹெங்கஸ்ட் இவனேதான் என்றும் வாதிட்டார். அந்த விரிவுரைகள் அவர் மறைந்த பிறகு, 1982இல், ஆலன் ப்ளிஸ் பதிப்பித்த ‘ஃபின் அண்ட் ஹெங்கஸ்ட்’ என்ற நூலாக வந்தன. ஒரு கதைப்பாட்டின் பின்னணியில் விளக்கப்படாமல் கிடந்த ஒரே ஒரு சம்பவத்துக்காக ஒரு முழுப் புத்தகம். ‘அது வரலாறு, இது புனைவு’ என்று கட்டுரையாளர் தப்பிக்க முடியாது. ஃபின் கோட்டைச் சண்டை நடந்தது என்பதற்குப் பாட்டுகளை விட்டால் வேறு பற்றுக்கோடு இல்லை. டோல்கீன் எடைபோட்டது சொற்களையும் வரிகளையும். கட்டுரையாளர் கைகொட்டிச் சிரிக்கிற வாசகர்கள் எடைபோடுவதும் அவற்றைத்தான்.

இப்படிப்பட்டவர் தானே ஓர் உலகத்தைப் படைத்தபோது அதில் வெற்றிடங்களைக் கவனக்குறைவால் விட்டார் என்பது அபாண்டம். ஆதாரம் வேண்டுமென்றால் கடிதங்கள் இருக்கின்றன; 1981இலேயே தொகுப்பாக வந்துவிட்டன. புராண காலத்திலும் சில புதிர்கள் இருந்தே ஆக வேண்டும், நாவலில் வரும் டாம் பாம்பாடில் என்ற பாத்திரம் வேண்டுமென்றே வைத்த புதிர் என்று 1954இல் நவோமி மிட்சிஸனுக்கு எழுதியிருக்கிறார். ஆசிரியரே தன் கைப்பட ஒப்புக்கொண்ட ஒரு திட்டத்தை ‘யோசிக்காமல் விட்டது’ என்று எழுத ஒருவருக்கு எப்படித் துணிவு வருகிறது?

கட்டுரையில் மிக மோசமான பகுதி எண்ட் பெண்களைப் பற்றியது. ‘காணாமல் போன மரங்களுக்காகக் கண்ணீர் விடும் கூட்டம்’ என்று எழுதுகிறார் கட்டுரையாளர். அந்த அத்தியாயத்தை அவர் எப்படிப் படித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. ‘தி டூ டவர்ஸ்’ பாகத்தில், மரங்களை மேய்க்கும் எண்ட்களின் மூத்தவரான ட்ரீபியர்ட், ஷையர் நாட்டுக் குறுமனிதர்களான மெர்ரியிடமும் பிப்பினிடமும் தன் இனத்தின் கதையைச் சொல்கிறார். எண்ட்கள் காட்டை விரும்பினார்கள். அவர்களுடைய பெண்கள் தோட்டத்தையும் விளைநிலத்தையும் விரும்பிப் பெருநதியைக் கடந்து போனார்கள். மனிதர்களுக்கு வேளாண்மை கற்றுக் கொடுத்தார்கள். பின்னொரு நாள் எண்ட்கள் தேடிப் போனபோது தோட்டங்கள் இருந்த இடம் கருகிக் கிடந்தது. பெண்களைக் காணவில்லை. உங்கள் ஷையர் பக்கம் அவர்களைப் பார்த்ததுண்டா என்று அந்தக் குறுமனிதர்களிடம் கேட்கிறார் ட்ரீபியர்ட். கதையின் முடிவில் விடைபெறும்போதும், சேதி ஏதும் காதில் விழுந்தால் சொல்லி அனுப்புங்கள் என்கிறார். ‘அவர்கள் என்ன ஆனார்கள்’ என்று முதலில் கேட்டது நாவலின் பாத்திரம். வாசகர் அந்தக் கேள்வியைத் தொடர்கிறார், அவ்வளவே.

அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பெண்கள் இல்லாததால் எண்ட்களுக்குக் குழந்தைகள் இல்லை. பகைவனின் கோட்டையான ஐசன்கார்டை நோக்கி அவர்கள் நடக்கும்போது அதுவே தங்கள் கடைசி நடையாக இருக்கலாம் என்று தெரிந்தே நடக்கிறார்கள். போர் முடிந்ததும், இனி காடுகள் பரவலாம் என்று அரசன் அரகார்ன் நம்பிக்கை சொல்கிறான். காடு வளரும், எண்ட்கள் வளரமாட்டார்கள் என்று ட்ரீபியர்ட் பதில் சொல்கிறார். வெற்றி கிடைத்த பிறகும் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று உண்டு என்பது அந்த நாவலின் அடிநாதம். எண்ட் பெண்களின் கதியைப் பற்றிக் கவலைப்படாத வாசகருக்கு அது கேட்காது. இலக்கியம் பிடிபடாதவர் யார் என்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

டோல்கீன் இதற்கு என்ன விடை வைத்திருந்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அதே 1954 கடிதத்தில், கடைசிக் கூட்டணிப் போரில், இரண்டாம் யுகம் 3429க்கும் 3441க்கும் நடுவே, கூட்டணிப் படை முன்னேறுவதைத் தடுக்க, நாவலின் தீய சக்தியான சவுரான் நிலங்களை எரித்தபோது அவர்கள் தோட்டங்களோடு அழிந்திருப்பார்கள் என்று கருதுவதாக எழுதுகிறார். சிலர் கிழக்கே தப்பியிருக்கலாம், அடிமைப்பட்டும் இருக்கலாம் என்று சேர்க்கிறார். 1972இல் இன்னொருவர் கேட்டபோது தனக்குத் தெரியாது என்றார். படைத்தவரே வாய்ப்புகளை நிறுத்துப் பார்க்கிறார், பிறகு கையை விரிக்கிறார்.

நீல மந்திரவாதிகள் விஷயமும் இப்படித்தான். நாவலில் மந்திரவாதிகள் ஐவர் என்று ஒரு குறிப்பு வருகிறது; நமக்குத் தெரிய வருவது மூவர். மற்ற இருவர்தான் கிழக்கே போன நீல மந்திரவாதிகள். அவர்கள் தோற்றிருப்பார்கள் என்று அஞ்சுவதாக டோல்கீன் 1958இல் எழுதினார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் எழுதிய குறிப்பிலோ, அவர்கள் கிழக்கில் சவுரானின் பலத்தைக் குறைத்துப் பெரும் பங்காற்றியதாக மாற்றிக்கொண்டார். நாவலில் பெயரளவில் மட்டும் வந்துபோகும் ராணி பெருத்தியலின் பூனைகளைப் பற்றிக் கட்டுரையாளர் சொல்வதில் மட்டும் ஓர் உண்மை இருக்கிறது: அந்தப் பெயர் பேனாவில் வந்து விழுந்தபோது டோல்கீனுக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியாது, அதை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. கோண்டோர் அரசன் ஒருவனின் மனைவி, ஒன்பது கறுப்புப் பூனைகளும் ஒரு வெள்ளைப் பூனையும் வளர்த்தவள் என்று பின்னாளில் கண்டடைந்தார். தெரியாத பெயரைத் துரத்திக்கொண்டு போவது வெட்டி வேலையென்றால் டோல்கீனின் பாதி வாழ்க்கை வெட்டி வேலை.

எல்லா ஊகமும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. வடக்குப் புல்வெளியில் நடந்து போகும் மரம் ஒன்றைத் தன் உறவினன் ஹால் பார்த்ததாக ஷையர்க்காரனான சாம் மதுக்கடையில் சொல்கிறான். அந்தப் பக்கம் அப்படிப்பட்ட மரமே கிடையாது என்று சாமே சொல்ல, அப்படியானால் ஹால் அதைப் பார்த்திருக்கவே முடியாது என்று டெட் சாண்டிமேன் மடக்குகிறான். இதை வைத்து எண்ட் பெண்கள் ஷையரில்தான் இருந்தார்கள் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அது பிழை. ஒருவன் பார்த்ததாக இன்னொருவன் மதுக்கடையில் சொல்வது அவ்வளவு பாரத்தைத் தாங்காது. ஆனால் அதைப் பிழை என்று காட்டுவதற்கும் சாட்சியை எடைபோட்டாக வேண்டும். கட்டுரையாளர் அந்த உழைப்பைச் செய்யவில்லை. மோசமான ஊகத்தையும் பொறுப்பான ஊகத்தையும் ஒரே கோணியில் கட்டி ஆற்றில் எறிந்துவிட்டு, விமர்சனம் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அவர் மறுபடி எழுதட்டும். எழுதுவதற்கு முன்பு ட்ரீபியர்ட் பேசும் அத்தியாயத்தையும், டோல்கீனின் கடிதங்களையும், ‘ஃபின் அண்ட் ஹெங்கஸ்ட்’ நூலையும் படிக்கட்டும். அதுவரை, நூலைக் கூர்ந்து படிக்கும் வாசகர்களை இழித்துப் பேச அவருக்கு உரிமை கிடையாது.