உரைபெயர்ப்புக் கடமைக்கு மருத்துவச் சொற்பயிற்சி கோரும் மனு

பெறுநர்: மாகாண சுகாதார நிர்வாகப் பொறுப்பதிகாரி அவர்கள்

அனுப்புநர்: செயலாளர், வைத்தியசாலைகளில் உரைபெயர்ப்பு வேலையும் பார்க்கும் கனிஷ்ட ஊழியர்களின் சங்கம்

விடயம்: முன்னர் அனுப்பிய கடிதங்களின் தொடர்ச்சி

ஐயா,

மலையகத்து அரச வைத்தியசாலைகளில் கனிஷ்ட ஊழியராக நியமனம் பெற்று, நியமனக் கடிதத்தில் எங்கும் சொல்லப்படாத உரைபெயர்ப்பு வேலையையும் நாள்தோறும் செய்துவருவோரின் பதிவுபெற்ற சங்கம் எம்முடையது.

இவ்விடயமாகத் தங்கள் அலுவலகத்துக்கு நாம் எழுதுவது முதற்றடவை அல்ல. கோப்பில் எமது கடிதங்கள் இருக்கக்கூடும், இல்லாமலும் போயிருக்கலாம். ஆகவே அவற்றில் என்ன எழுதினோம், என்ன பதில் வந்தது என்பதை மீண்டும் இங்கே எழுதவேண்டியுள்ளது.

முதற் கடிதத்தில் நிலைமையை மட்டும் விளக்கினோம். விடுதியில் வைத்தியர் சிங்களத்தில் பேசுகிறார். நோயின் பெயர், மருந்தின் பெயர், பரிசோதனையின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன. நோயாளி தோட்டத்துத் தமிழில் பேசுகிறார். இடையில் யார் தமிழும் சிங்களமும் தெரிந்தவர் என்று பார்த்து, தள்ளுவண்டி தள்ளுகிறவரையோ, விடுதி கூட்டுகிறவரையோ "இங்கே வா, இதைச் சொல்லு" என்று அழைக்கிறார்கள். யாரும் அகப்படாதபோது நோயாளியோடு வந்த பள்ளிக்கூடப் பிள்ளை அழைக்கப்படுகிறது. தாயின் கர்ப்பப்பைக் கோளாற்றைப் பத்து வயது மகன் விளக்கவேண்டியதாகிறது. அழைத்தால் நாம் வருவோம், ஆனால் அந்தச் சொற்களை எமக்கு யாராவது கற்பிக்கவேண்டும் என்று கேட்டோம். கடிதம் கிடைத்தது, உரிய கவனம் செலுத்தப்படும் என்று பதில் வந்தது. பதில் சிங்களத்தில் மட்டும் இருந்தபடியால், சங்கக் கூட்டத்தில் எம் உறுப்பினர் ஒருவரே அதை ஏனையோருக்கு உரைபெயர்த்தார். அதற்கும் கொடுப்பனவு இல்லை.

இரண்டாம் கடிதத்தோடு, உறுப்பினர்கள் சீ.ஆர். கொப்பியில் தாமாகவே எழுதிச் சேர்த்த சொற்பட்டியலின் பிரதியை இணைத்தோம். வைத்தியர் வாயிலிருந்து காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பட்டியல் அது. பாதிச் சொற்களுக்கு எதிரே கேள்விக்குறி இருந்தது. அக்கேள்விக்குறிகளைப் பார்த்தாவது யாரேனும் உதவுவார்கள் என்று எண்ணினோம். அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை 07/2007இன்படி, 2007 யூலை 1க்குப் பின் சேவையில் சேர்ந்த உத்தியோகத்தர்கள் ஐந்து ஆண்டுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்பதால், வைத்தியர்களும் தாதியர்களும் தமிழ் கற்றுவருகிறார்கள், வேறு பயிற்சி அவசியமில்லை என்று பதில் வந்தது.

அச்சுற்றறிக்கையை நாம் மதிக்கிறோம். அதன்கீழ் தமிழ் கற்ற தாதியர் சிலர் எமக்கு மிகுந்த உதவியாக இருக்கிறார்கள். ஆனால் அந்த வகுப்பில் பெயர், முகவரி, "எத்தனை நாளாகக் காய்ச்சல்" என்பது வரைதான் போகமுடிகிறது. அறுவைச் சிகிச்சைச் சம்மதப் படிவத்தை விளக்கும் அளவுக்கு அது போவதில்லை, போகவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு நேரில் வந்தோம். "நீங்கள் பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிறவர்கள்தானே, உங்களுக்கு என்னத்துக்குப் பயிற்சி?" என்று கேட்கப்பட்டது. அன்று நேரமில்லை என்று எழுப்பிவிட்டதால் விடையைச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறோம்.

கடந்த மழைக்காலத்தில், எமது உறுப்பினர் ஒருவர் கடமையாற்றும் வைத்தியசாலையிலிருந்து கொழுந்து பறிக்கும் தாயொருவர் இன்சுலின் ஊசியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். துண்டு வெட்டும் நேரம். விடுதியில் ஒரே நெரிசல். இளம் வைத்தியர் வேகமாகச் சொல்கிறார்: ஹைப்போ வந்தால் வியர்க்கும், கை நடுங்கும், உடனே சீனி கொடுக்கவேண்டும், ஊசி போட்டபின் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. எம் உறுப்பினருக்கு 'ஹைப்பர்' என்ற சொல் பழக்கம். பிரஷர்காரர்களின் துண்டில் தினமும் பார்ப்பது. அதுதான் என்று எடுத்துக்கொண்டு, "சீனி கூடினா வேர்க்கும், கை நடுங்கும், கவனமா இருங்கம்மா" என்றார். சீனி கொடுக்கச் சொன்ன வரி அவருக்குப் பொருந்தவில்லை. சீனி கூடியவருக்குச் சீனி கொடுக்கச் சொல்வார்களா? தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று அதை விட்டுவிட்டார். புத்தியுள்ள எவரும் அப்படித்தான் செய்வார். வீட்டுக்குப் போய் இரண்டாம் நாள் இரவு, லயத்தில் அந்தத் தாய்க்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பிளேன்டீயில் சீனி போட்டுக் குடிக்கப் போனவரின் கையிலிருந்து கோப்பையை மகள் பிடுங்கி வைத்துவிட்டாள். நினைவில்லாமல் திரீவீலரில் கொண்டுவந்தார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியபின் கண் விழித்தார். அவர் பிழைத்துக்கொண்டார் என்பதே எமக்குள்ள ஆறுதல்.

இதைச் சகல விபரங்களுடனும் எழுதி, இனியாவது பயிற்சி தாருங்கள் என்று கேட்டோம். வந்த பதில், எம் உறுப்பினரிடம் "நோயாளிக்குத் தவறான தகவல் வழங்கியமை" குறித்து விளக்கம் கோரும் கடிதம். ஹைப்போ என்றால் என்ன என்று அவருக்கு யார், எப்போது கற்பித்தார்கள் என்ற கேள்வி அக்கடிதத்தில் இல்லை.

ஆதலால் இம்முறை நாம் இரக்கத்தை நாடவில்லை. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தை நாடுகிறோம். 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 22ஆம் உறுப்புரை, அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை, மேடைகளில் அடிக்கடி கேட்பவை. எவரும் எடுத்துச் சொல்லாதது 25ஆம் உறுப்புரை. அந்த அத்தியாயத்தில் சொல்லப்பட்ட மொழிகளைப் பயன்படுத்துவதற்குப் போதிய வசதிகளை அரசு செய்துகொடுக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. வசதி என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. போதிய வசதி என்கிறது. கூட்டுமாறு பிடித்த கையோடு அழைத்து வரப்பட்ட ஒருவர், தாம் ஒருநாளும் படிக்காத சொற்களை ஊகித்துச் சொல்வது 25ஆம் உறுப்புரை கூறும் போதிய வசதியா என்பதைத் தாங்கள் எழுத்தில் அறியத்தர வேண்டுகிறோம். போதியது என்றால் எதன் அடிப்படையில் என்பதையும் அறியத்தாருங்கள். போதாது என்றால் கீழ்வரும் முதலாம் கோரிக்கையை மறுக்கத் தங்களுக்கு வழியில்லை.

கோரிக்கை 1: உரைபெயர்க்க அழைக்கப்படும் ஒவ்வொரு ஊழியருக்கும் கடமை நேரத்தில், சம்பளத்தோடு, 100 மணித்தியாலத்துக்குக் குறையாத மருத்துவச் சொற்பயிற்சி.

இந்த 100 என்பது நாம் மனம்போன போக்கில் போட்ட எண் அல்ல. அமெரிக்காவில் சிறுவர் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், 100 மணித்தியாலமோ அதற்கு மேலோ பயிற்சி பெற்ற தொழில்முறை உரைபெயர்ப்பாளர்களின் பிழைகளில் நோயாளிக்குப் பாதிப்பு விளைவிக்கக்கூடியவை 2 வீதம். அதற்குக் குறைவாகப் பயிற்சி பெற்றவர்களிடம் 12 வீதம். எத்தனை வருடம் அந்த வேலையைச் செய்தார்கள் என்பது பிழைகளைக் குறைக்கவில்லை. "உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே" என்று எமக்குச் சொல்லப்படும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. 100 மணித்தியாலமும் ஒரேயடியாகத் தர முடியாதெனில், முதல் 40 மணித்தியாலத்தை முடித்தபின்னரே ஒருவரை உரைபெயர்க்க அழைக்கவேண்டும். அந்நாட்டில் மருத்துவ உரைபெயர்ப்பாளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே 40 மணித்தியாலப் பயிற்சி வேண்டும்.

என்ன கற்பிக்கவேண்டும் என்பதிலும் எமக்குத் தெளிவு உண்டு. ஆயிரம் சொற்களை மனனம் செய்யச் சொல்லும் வகுப்பு எமக்கு வேண்டாம். மருத்துவ ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை சில துண்டுகளை இணைத்துக் கட்டியவை. துண்டுகள் தெரிந்தால் புதிய சொல்லையும் பிரித்தறியலாம். ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைப்போ என்றால் குறைவு. முடிவில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. 'ஓட்டமி' என்றால் வெட்டித் திறப்பது, 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது, 'ஓஸ்டமி' என்றால் வெளியே ஒரு வாய் வைப்பது. 'ஹிஸ்டரெக்டமி'யில் கர்ப்பப்பையே போகிறது. 'மயோமெக்டமி'யில் கட்டி மட்டும் போய்க் கர்ப்பப்பை தங்குகிறது. இன்று விடுதியில் இரண்டுக்கும் நாம் சொல்வது "கட்டி ஒப்பரேஷன்". அதைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் சம்மதப் படிவத்தில் பெருவிரல் பதிக்கிறார். அந்தச் சம்மதத்துக்குச் சட்டத்தில் என்ன பெறுமதி என்பதை வைத்தியசாலை நிர்வாகங்கள் தமக்காகவாவது யோசிப்பது நல்லது.

மருந்துப் பெயர்கள் தனிப் பாடமாக வேண்டும். கார்பமசெபின் வலிப்புக்கு, கார்பிமசோல் தைரொயிட் சுரப்பிக்கு. காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. இவற்றை ஊகிக்காமல் எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தையும், எழுதிக் காட்டச் சொன்னால் வைத்தியர் சினக்காதிருக்கும் பழக்கத்தையும் பயிற்சியில் சேர்க்கவேண்டும்.

மறுபக்கம், நோயாளி சொல்வது. இதை எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. "நெஞ்சு கரிக்குது" என்றால் பெரும்பாலும் இரைப்பை, "நெஞ்சு அடைக்குது" என்றால் இதயமாக இருக்கலாம். இரண்டையும் "நெஞ்சுவலி" என்று ஒன்றாக்கிச் சொன்னால் வைத்தியருக்குப் பாதித் தகவல் போய்விடுகிறது. "முழுகாம இருக்கேன்" என்ற பெண்ணை எக்ஸ்ரேக்கு அனுப்பமுன் அவர் கர்ப்பிணி என்பது வைத்தியருக்குத் தெரியவேண்டும். தோட்டங்களில் இப்படி வழங்கும் சொற்களைத் தோட்ட வைத்திய உதவியாளர்களும் குடும்ப நல மாதுக்களும் எம்மைவிட நன்கறிவர். அவர்களோடு ஒரு வைத்தியரும், மூத்த தாதியும், மொழி ஆசிரியரும் அமர்ந்து, வைத்தியர் சொல், பேச்சுச் சிங்களம், நூற்றமிழ், தோட்டத் தமிழ் என்று நான்கு நிரலில் ஒரு கைநூல் தொகுக்கவேண்டும். எம் சீ.ஆர். கொப்பியை அதற்கு ஆரம்பப் பிரதியாகத் தருகிறோம், கேள்விக்குறிகளுடனேயே.

இதெல்லாம் இந்நாட்டில் ஆகாத காரியம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1860களிலேயே தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தார். அதற்கெனப் பாடநூல்களை மொழிபெயர்த்துச் சொற்பட்டியல்களும் தொகுத்தார். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகள் வெளியிட்டது. 2007ஆம் ஆண்டு 26ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகமும் அமைக்கப்பட்டுள்ளது. ஒரு மிஷன் வைத்தியர் சில மாணவரை வைத்துக்கொண்டு செய்த வேலைக்கு, இத்தனை நிறுவனங்களைக் கொண்ட அரசு நிதி இல்லை என்று சொல்வதை எமது பொதுக்கூட்டம் ஏற்கவில்லை.

பயிற்சியில் நடத்தை முறையும் அடங்கவேண்டும். கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, கேட்டதை வெளியில் சொல்லாதிருப்பது, புரியாதபோது "புரியவில்லை" என்று வைத்தியரிடம் சொல்வது. மூன்றாவதே எமக்கு மிகக் கடினம். கனிஷ்ட ஊழியர் வைத்தியரை மறித்துக் கேள்வி கேட்டால் அது மரியாதைக்குறைவு என்றுதான் இன்றும் கருதப்படுகிறது. அந்தக் கேள்வி கடமையின் பகுதி என்று தங்கள் கையொப்பத்துடன் ஒரு சுற்றறிக்கை வந்தால், எம் உறுப்பினர் சீனி விடயத்தில் மறுமுறை கேட்டிருப்பார்.

இறுதியில் வாய்மொழிப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் வழங்கவேண்டும். அது சேவைக் கோவையில் சேரவேண்டும். பயிற்சி முடியும்வரை சம்மதப் படிவம், இன்சுலின், இரத்தம் ஏற்றல், பிரசவ அவசரம் ஆகியவற்றுக்குப் பயிற்சியற்ற எவரையும் உரைபெயர்க்கப் பணிக்கலாகாது. அப்படிப் பணித்து நேரும் பிழைக்கு ஊழியரிடம் விளக்கம் கோரலும் ஆகாது. மேற்படி உறுப்பினருக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறவேண்டும்.

கோரிக்கை 2: உரைபெயர்ப்புக் கடமையிலுள்ளோருக்கு மும்மொழியிலும் பெயர் அட்டை வழங்கப்படல் வேண்டும்.

கோரிக்கை 3: வைத்தியசாலைப் பெயர்ப்பலகைகளிலுள்ள தமிழ் எழுத்துப் பிழைகள் திருத்தப்படல் வேண்டும்.

கோரிக்கை 4: கடமை நேரத்துக்கு அப்பால் அழைக்கப்படுவோருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வழங்கப்படல் வேண்டும்.

கோரிக்கை 5: வெளிநோயாளர் பிரிவில் உரைபெயர்ப்பாளருக்கென ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் ஒதுக்கப்படல் வேண்டும்.

முதலாம் கோரிக்கை குறித்துப் பேசத் திகதியொன்றைக் குறித்து, இம்மனு கிடைத்த 30 நாட்களுக்குள் அறியத்தருமாறு வேண்டுகிறோம். அதற்குள் மறுமொழி கிடைக்காவிடின், 1991ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு, எமது முன்னைய கடிதங்கள், தங்கள் பதில்கள், விளக்கம் கோரிய கடிதம் ஆகியவற்றின் பிரதிகளுடன் முறைப்பாடு அனுப்பப்படும். அதற்கான தீர்மானம் பொதுக்கூட்டத்தில் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது.

இவ்வண்ணம்,
செயலாளர்
(சங்க முத்திரை)

இணைப்பு: சொற்பட்டியல், சீ.ஆர். கொப்பிப் பிரதி
பிரதி: சங்கத் தலைவர், பொருளாளர், கோவை