ஜேம்ஸ் யாப்: 2 முறை எம்.வி.பி ஆன பிளேயர், கவுன்சிலர் ஆனது எப்படி?

பிலிப்பைன்ஸில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பேஸ்கட்பால் வளையம் கண்ணில் படும். தென்னை மரத்தில் ஆணி அடித்துக்கூட மாட்டியிருப்பார்கள். 'பரங்காய்' எனப்படும் அந்நாட்டின் அடிமட்ட உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரு கோர்ட் இருக்கும். மழைவெள்ளத்தில் மக்களைத் தங்க வைப்பது, மருத்துவ முகாம், பிரசாரக் கூட்டம் எல்லாம் அங்கேதான். விளையாட்டும் அரசியலும் ஒரே கூரையின் கீழ் நடக்கிற நாடு அது.

2022 மே தேர்தலில் உலகமே மார்க்கோஸ் ஜூனியர் அதிபரானதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மணிலாவை ஒட்டிய சான் ஹுவான் நகரில் ஜேம்ஸ் யாப் கவுன்சிலராக ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 40. ஆட்டத்தில் இருந்து ஓய்வையும் அறிவித்திருக்கவில்லை.

யாப் லேசுப்பட்ட ஆள் இல்லை. நீக்ரோஸ் ஆக்ஸிடென்டல் மாகாணத்தின் எஸ்கலான்டேயில் பிறந்தவர். பி.பி.ஏ என்பது 1975-ல் தொடங்கிய, ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக். அதன் 2004 டிராஃப்டில் 2-வது ஆளாக பியூர்ஃபுட்ஸ் அணி அவரை எடுத்தது. 2006, 2010 என 2 முறை சீசனின் மதிப்புமிக்க வீரர் விருது. கடைசி நிமிட ஷாட்களுக்காகவே 'பிக் கேம் ஜேம்ஸ்' என்ற பட்டப்பெயர். 2005-ல் டி.வி பிரபலம் கிரிஸ் அக்கினோவைத் திருமணம் செய்ததும், பேஸ்கட்பால் பார்க்காத வீட்டிலும் அவர் பெயர் தெரிந்துவிட்டது. கிரிஸ் யார் என்றால், முன்னாள் அதிபர் கோரசோனின் மகள். பின்னாளில் அதிபரான நோய்நோயின் தங்கை. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது.

அந்தப் பெயர்தான் ஓட்டுச்சீட்டில் வேலை செய்கிறது. 2022-ல் ஒரு சான் ஹுவான் வாக்காளர் அதிபர், துணை அதிபர், 12 செனட்டர்கள், கட்சிப் பட்டியல், எம்.பி, மேயர், துணை மேயர், 6 கவுன்சிலர்கள் என மொத்தம் 24 தேர்வுகளை ஒரே சீட்டில் செய்ய வேண்டியிருந்தது. போட்டோவும் இல்லை, சின்னமும் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். கட்சி விசுவாசமும் அங்கே ரொம்ப லூஸ். அப்போ, கடைசியில் வரும் கவுன்சிலர் வரிசையில் கை எங்கே போகும்? ஏற்கெனவே தெரிந்த பெயருக்குத்தான்.

சரி, வெளியூர்க்காரர் போட்டியிடலாமா? அங்கே ஓராண்டு வசித்து, வாக்காளராகப் பதிவு செய்திருந்தால் போதும். மேட்ச் ஆடிக்கொண்டே கவுன்சிலராக இருக்கலாமா? அதற்கும் 1991-ன் உள்ளாட்சிச் சட்டம் இடம் தருகிறது. மேயருக்கும் கவர்னருக்கும் வேறு தொழில் கூடாது. கவுன்சில் உறுப்பினர்கள் செய்யலாம், ஆனால் கூட்டம் நடக்கும் நேரத்தில் கூடாது. வாரம் ஒரு கூட்டமாவது நடந்தாக வேண்டும். பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவதும் உள்ளூர்ச் சட்டம் போடுவதும் இவர்கள் வேலை. சீசனில் தினமும் பிராக்டிஸ் உள்ள ஒரு பிளேயர் கோப்புகளை எப்போது படிப்பார் என்பது நியாயமான கேள்விதான். பாம்பாங்காவின் துணை கவர்னராகவும் பிறகு எம்.பி-யாகவும் இருந்துகொண்டே கோச் வேலை பார்த்த யெங் குயாவ் போன்ற முன்னுதாரணங்கள் இருப்பதால், இதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சான் ஹுவானில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுமார் 6 சதுர கி.மீ மட்டுமே உள்ள இந்தக் குட்டி நகரம், முன்னாள் அதிபர் ஜோசப் எஸ்ட்ராடா குடும்பத்தின் கோட்டை. 2019-ல் அதை உடைத்த மேயர் பிரான்சிஸ் சமோரா, கல்லூரி நாட்களில் லா சால் அணிக்காக ஆடியவர். யாப் அவருடைய அணியில் நின்றே ஜெயித்தார். ஸ்டார் தனியாக ஜெயிப்பதில்லை, ஒரு குடும்பமோ மேயரோ பின்னால் இருக்க வேண்டும்.

இதே எஸ்ட்ராடா அலையில் 1998-ல் செனட்டரானவர்தான் ஜினிப்ரா அணியின் ஜாம்பவான் ராபர்ட் ஜவோர்ஸ்கி. 2001-ல் எஸ்ட்ராடா மீதான பதவிநீக்க விசாரணையில், வங்கி ஆவணங்கள் இருந்த உறையைத் திறக்கக் கூடாது என்று ஓட்டுப் போட்ட 11 பேரில் அவரும் ஒருவர். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், எஸ்ட்ராடா போனார். 2004-ல் ஜவோர்ஸ்கியும் தோற்றார்.

கவுன்சிலரைவிட மேயர் பதவி கனமானது. 1995-ன் எம்.வி.பி வெர்ஜெல் மெனெசஸ், 2019-ல் புலாக்கான் ஊரின் மேயரானார். மணிலாவுக்கான புது விமான நிலையம் வருவது அந்த ஊரின் கடலோரத்தில்தான். சுமார் 2,500 ஹெக்டேர், 73,500 கோடி பெசோ திட்டம். அதற்காக தலிப்டிப் பகுதி மீனவக் குடும்பங்கள் வீடுகளைக் காலி செய்தன. திட்டத்தைக் கட்டும் சான் மிகுவெல் நிறுவனத்துக்குத்தான் பி.பி.ஏ-வில் 3 அணிகளும் சொந்தம்.